வீட்டுக்காரிக்குப் பதினேழு வயது

2024 ஜூலை 7, ஞாயிறு

இன்று நான்கு பேர் வீடு பார்க்க வந்தார்கள். வந்த இடத்தில் என்னையும் பார்த்தார்கள்.

“தெரிஞ்ச ஆக்கள் வாறாங்க, அந்த மஞ்சச் சல்வாரப் போடு புள்ள” என்றுதான் உம்மா சொன்னார். நானும் போட்டேன். மடச்சி! தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் சந்தேகம் வந்தது. சாய்ந்தமருதிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவும் அவருடைய மகளும் கதிரையில் உட்காரவே இல்லை. மகள்காரி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். பெரியம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். கூட வந்த இரண்டு ஆண்களும் முற்றத்தில் நின்று, மேலே ஒரு மாடி எடுக்கலாமா என்று அண்ணாந்து பார்த்துக் கதைத்தார்கள்.

“யன்னல் நல்ல சாமான் போலக் கிடக்கு” என்றாள் மகள்காரி, தட்டிப் பார்த்துவிட்டு.

“எங்கட வாப்பாட கையால செஞ்சது” என்றேன். உம்மா முறைத்த முறைப்பில் தட்டு கைநழுவப் பார்த்தது.

போகும்போது பெரியம்மா என் நாடியைத் தொட்டு, “புள்ளையும் நல்லம்” என்றார். சற்று முன்னர் அதே குரலில்தான் “கிணத்துத் தண்ணியும் நல்லம்” என்று சொல்லியிருந்தார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். உம்மா சிரித்தார். “சும்மா ஒரு பேச்சுக்கால்தானே. இண்டைக்கேயா நிக்காஹ் வைக்கப் போறம்? ஓஎல் பரீட்சை றிசல்ட் வரட்டும்.”

றிசல்ட் வந்தால்? பாஸானால் நிக்காஹ்வா, ஃபெயிலானால் நிக்காஹ்வா? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

எங்கள் புது ஐசிரி மிஸ், கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர், மாவனல்லைக்காரி. இன்று வகுப்பில் “கலியாணம் முடிச்சா நீங்கள்லாம் மாப்பிள்ள வீட்டுக்குப் போவீங்கதானே” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நிந்தவூரில் எந்தப் பெண் எங்கே போனாள்? இங்கே வருவது மாப்பிள்ளைதான். பெண்பிள்ளைக்கு வீடு இருக்கும், ஆண் சூட்கேசோடு வருவான். ஒத்துவராவிட்டால் அதே சூட்கேசோடு போவான். மிஸ்ஸுக்கு அது பெரிய புதினம்.

எங்கள் வாப்பாவும் அப்படித்தான் போனார். ஒன்பது வருடம் டோஹாவில் வெயில் குடித்துக் கட்டிய வீடு இது. எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே உறுதியை என் பெயருக்கு எழுதிவிட்டார். “ஆகிலாட வீடு” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டு வருடத்துக்கு முதல் காதி நீதிமன்றத்தில் உம்மாவும் வாப்பாவும் பிரிந்தார்கள். அன்று வாப்பா கேற்றடியில் நின்று என்னிடம் சொன்ன கடைசிச் சொல், “இந்தப் பூட்டுக்கு எண்ணெய் விடோணும் மகள், கிறீச்சிடுது” என்பதுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கல்முனையில் தன்னுடைய அலுமினிய வேலைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார்.

போன வருடம் உம்மா மசூர் என்பவரை முடித்தார். உரக்கடைக்காரர். மனைவி மௌத்தாகித் தனித்துப் போனவர். அவரும் ஒரு சூட்கேசோடுதான் வந்தார், என் வீட்டுக்கு. “சின்ன வாப்பா எண்டு கூப்பிடு” என்று உம்மா சொல்கிறார். நான் ஒன்றும் கூப்பிடுவதில்லை. தேவைப்பட்டால் பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

பின்னேரம் வாப்பா கோல் எடுத்தார். “நாலு பேர் வந்தாங்களாமே?”

நிந்தவூரில் கோழி குறுக்கே போனாலும் கல்முனையில் தெரிந்துவிடும்.

“நான் கோட்டுக்குப் போறன் மகள். லோயரோட கதைச்சிட்டன். ஒன்ன என்ட பொறுப்பில தரச் சொல்லிக் கேக்கப் போறன்.”

“எங்க வெச்சிரிக்கப் போறீங்க வாப்பா? கடைக்கு மேலயா?”

“சேச்சே. எங்கட வீட்டிலதான். நீயும் நானும். அவங்க ரெண்டு பேரும் உம்மாட பழைய வீட்டுக்குப் போகட்டும்.”

சந்தோசப்பட வேண்டிய நேரம். எனக்கு அந்தப் பெரியம்மா கிணற்றை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது.

ஜூலை 11, வியாழன்

போனில் தேடித் தேடிக் கண் எரிகிறது. விளங்கிய மட்டில் எழுதுகிறேன்.

பதினெட்டு ஆகாத பிள்ளை தன் பாட்டில் வீட்டை விட்டுப் போய் வேறு இடத்தில் இருக்க முடியாது. உம்மா வாப்பாவின் பொறுப்பு. அவர்கள் தங்களுக்குள் அடிபட்டால் யாரிடம் இருப்பது என்று கோடு, அதாவது நீதிமன்றம், சொல்லும். என் பெயரில் வீடு இருக்கலாம், பிழையில்லை. ஆனால் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ என் கையெழுத்து செல்லாது. வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளராக, வாப்பா நின்று சம்மதித்தால் எங்கள் சட்டப்படி என்னை நிக்காஹ் செய்துகொடுக்கலாம். அதுக்கு மட்டும் வயசு காணும், போதுமாம்!

ஆக ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரியாக எனக்கு வயது காணும். ஒருவனுக்குப் பெண்சாதியாகவும் காணும். உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி வீட்டில் ஒரு மாதம் தங்க மட்டும் காணாது. இதை யார் உட்கார்ந்து யோசித்தார்கள்?

ஐசிரி மிஸ்ஸிடம் கேட்டேன். “மிஸ், பதினேழு வயசுப் புள்ள ஒண்டு வீட்ட விட்டுப் போக ஏலுமா?”

மிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார். “யாரும்மா அந்தப் பையன்?”

ஜூலை 14, ஞாயிறு

உம்மா சொல்கிறார், நிக்காஹ் முடிந்துவிட்டால் பிள்ளை மாப்பிள்ளையின் பொறுப்பாம், வாப்பாவின் கேஸ் தானாகச் செத்துவிடுமாம்.

ஜூலை 18, வியாழன்

சாய்ந்தமருதுக்காரர்கள் அடுத்த ஞாயிறு நாள் குறிக்க வருகிறார்களாம். வாப்பாவுக்குக் கோல் எடுத்து அழுதேன். “நீங்க வலியா நிக்க மாட்டன் எண்டு சொல்லுங்க வாப்பா” என்றேன்.

“நான் எப்பிடி நிப்பன்? அவங்க பாத்த மாப்பிள்ளக்கி நான் ஏன் தலையாட்டோணும்?” என்று கத்தினார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். “நீ பயப்புடாத. கோட்டில எல்லாம் முடியட்டும். நான் மருதமுனையில ஒரு தங்கமான பொடியன் பாத்து வெச்சிரிக்கன்.”

போனை வைத்துவிட்டேன்.

இவங்களுக்கு என்ன தேவ? நானா? வீடா? ரெண்டும் ஒண்டா? என்னத் தூக்கிட்டுப் போனா வீடும் பின்னால வரும், வாலப் புடிச்சா மாடு வாற மாதிரி. நான் மாடா வாலா எண்டுதான் விளங்கல்ல.

ஜூலை 19, வெள்ளி

போய்விட்டேன்.

ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். உம்மா குளிக்கப் போயிருந்தார். ஸ்கூல் பேக்கில் புத்தகமும் நாலு உடுப்பும். கேற்றைத் திறந்தபோது பூட்டு ஊருக்கே கேட்கிற மாதிரிக் கிறீச்சிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு உம்மாவின் போனுக்குக் குரல் மெசேஜ் அனுப்பினேன். “உம்மா, நான் அட்டாளைச்சேனைக்குப் போறன். ஜெனூபா சாச்சி வீட்ட. தேடாதீங்க.” ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுப் போனேன். அதனால்தான் ஒருவரும் நம்பவில்லை போலிருக்கிறது.

சாச்சியின் மாப்பிள்ளை கட்டாரில். இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் வாசலில் நின்றதைக் கண்டதும் சாச்சி முதலில் என் பின்னால் பார்த்தார், பிறகு றோட்டைப் பார்த்தார்.

“ஆரோட வந்தாய்?”

“பஸ்ஸோட.”

“அல்லாஹ்வே! ஆகிலா, பகிடி உடாத. பதினெட்டு ஆகாத புள்ளைய வெச்சிரிந்தா என்னப் பொலிசில புடிப்பாங்கடி!” என்றார். என்றுவிட்டுச் சோறு போட்டார். இறால் சுண்டல். பசியில் பிளேட்டை நக்காத குறை.

ஜூலை 20, சனி

பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவுக்கு என்னையும் சாச்சியையும் கூப்பிட்டார்கள். உம்மா முறைப்பாடு கொடுத்திருந்தார். பெண் பொலிஸ் முதல் கேள்வியே, “பொடியன் ஆர்?” என்பதுதான்.

“ஒருத்தருமில்ல.”

“சொல்லுங்க தங்கச்சி, நாங்க அடிக்கமாட்டம்.”

போனை வாங்கிப் பார்த்தார். அதற்குள் சாச்சியின் பூனைக்குட்டிகளும் கணக்குப் பாடக் குறூப்பும்தான். அவருக்கு ஏமாற்றம். ஒரு பொடியன் இருந்திருந்தால் இவர்கள் எல்லோருக்கும் என்ன நிம்மதியாக இருந்திருக்கும்! எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போகிறவர்கள் ஆண்கள். பெண் போனால் ஒரு ஆணோடு போயிருக்க வேண்டும். சும்மா தனியாக, சாச்சி வீட்டுக்குப் போகிற பெண்ணை என்னவென்று எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உம்மா மர வாங்கில் இருந்து அழுதுகொண்டே இருந்தார். பர்தா நனைந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கும் அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. “ஒண்ட வீட்ட விட்டுட்டு நீ என்னத்துக்குப் போனாய்?” என்று கேட்டார். ஒண்ட வீடாம்!

திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் பிள்ளைகளின் விசயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தரைச் சந்திக்கச் சொன்னார்கள். அதுவரை சாச்சியோடு இருக்க உம்மா சம்மதித்தார். “இரிக்கட்டும், பவர் இறங்கட்டும்” என்றார். எனக்கா பவர்?

ஜூலை 22, திங்கள்

பிரதேச செயலகத்தில் அந்த உத்தியோகத்தர், ஹாஜறா மிஸ், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்டார். யாராவது அடித்தார்களா? இல்லை. பிழையாகத் தொட்டார்களா? இல்லை. சாப்பாடு? நல்லாத் தருவார்கள். பள்ளிக்கூடம் போக விடமாட்டார்களா? விடுவார்கள்.

“அந்த மசூர் எப்பிடி?”

“அவர் நல்லவர் மிஸ். கதைக்கமாட்டார்.”

“அப்ப என்ன பிரச்சினை மகள்?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்ன பிறகு நானே ஒரு பொய்க்காரி மாதிரித் தெரிந்தேன். உண்மையில் என்ன பிரச்சினை? “என்னக் கேக்கிறாங்களா, வீட்டக் கேக்கிறாங்களா எண்டு எனக்குத் தெரியல்ல மிஸ்” என்றேன்.

மிஸ் பேனையைக் கீழே வைத்தார். வாப்பா வழக்குப் போட்டுவிட்டாராம். நீதிபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு என் விருப்பத்தைக் கேட்பார். “கேப்பாங்க. நீங்க சொன்னபடியே செய்வாங்க எண்டு நான் சொல்லமாட்டன். ஒங்கட நன்மை எது எண்டு அவங்கதான் முடிவெடுப்பாங்க. இன்னும் எட்டு மாசம் பொறுத்தா ஒருத்தரும் தேவையில்ல, ஒங்கட பாட்டுக்குப் போகலாம்.”

“எட்டு மாசத்தில எனக்கு நிக்காஹ் முடிஞ்சிரும் மிஸ்.”

வழக்கு முடியும்வரை என்னைச் சாச்சியோடு விடும்படி உம்மாவோடு கதைப்பதாக மட்டும் சொன்னார். கதைத்தும் இருக்கிறார். உம்மா ஓம் என்றாராம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உம்மா வந்தார். ஒரு சட்டி நிறைய ஆட்டுக்கறி. எனக்கு ஊட்டிவிட்டார், பதினேழு வயதுக் கழுதைக்கு. ஊட்டிக்கொண்டே, “நீதிபதி கேட்டா உம்மாவோட இரிக்கப் போறன் எண்டு சொல்லு. பழைய வீட்டில ஓடெல்லாம் ஒழுகுது மகள், நாங்க எங்க போற?” என்றார்.

கறி ருசியாகத்தான் இருந்தது. அதுதான் கோபம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வாப்பா வந்தார். அப்பிள் ஒரு பை. சாச்சி வீட்டு யன்னலைத் தட்டிப் பார்த்தார், பழக்கதோசம். “என்ட அப்புக்காத்து எப்பிடி?” என்றார். சின்னதிலிருந்து நான் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு சொன்னார். “நீதிபதி கேட்டா வாப்பாவோட எண்டு சொல்லு. நான் மத்தவனுக்காகவா அங்க வெயிலுக்குள்ள கிடந்து அந்த வீட்டக் கட்டின?”

இரண்டு பேரும் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். இரண்டு பேரும் வீட்டில்தான் முடித்தார்கள். சொல்லிவைத்த மாதிரி.

ஆகஸ்ட் 15, வியாழன்

சாய்ந்தமருதுச் சம்பந்தம் முறிந்துவிட்டது. வழக்குள்ள வீடு வேண்டாமாம். “வழக்குள்ள புள்ள வேணாம்” என்றுகூடச் சொல்லவில்லை. வீடுதான் வேண்டாமாம். சாச்சியும் நானும் சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. பிறகு ஏனோ எனக்கு அழுகை வந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கல்முனைக் கோடு. உம்மா ஒரு வாங்கில், வாப்பா ஒரு வாங்கில், நடுவில் ஹாஜறா மிஸ்ஸும் நானும். மசூர் வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

நீதிபதி ஒரு பெண். தன் அறைக்குக் கூப்பிட்டு முதலில் தண்ணீர் தந்தார். கண்ணாடிக்கு முன் நின்று நான் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் அந்தக் கிளாஸோடு உள்ளே போய்விட்டது.

“நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?”

“அந்த வீட்ட என்ட பேரில இரிந்து எடுத்துப்போட ஏலுமா மெடம்?”

“பதினெட்டு வயதுக்குப் பிறகு நீங்கள் விரும்பியவருக்கு எழுதிக் கொடுக்கலாம். இப்போது முடியாது. நான் அதைக் கேட்கவில்லை. எங்கே இருக்க விருப்பம்?”

“சாச்சி வீட்ட” என்றேன். “வீட்டப் பூட்டி வைக்க ஏலுமா மெடம்? ஒருத்தரும் இரிக்காம?”

“பூட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?”

“பூட்டின பிறகும் என்னத் தேடி ஆர் வாறாங்க எண்டு பாப்பன்.”

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. நீதிபதி கடதாசியில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு லோயர்மாரைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்தேன். வெகுநேரம் கதைத்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் சம்மதித்து ஓர் ஏற்பாடு. பதினெட்டு ஆகும்வரை நான் சாச்சியிடம். வீடு பூட்டியிருக்கும், திறப்பு சாச்சி கையில். வெள்ளிக்கிழமை வாப்பா பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை உம்மா. அதுவரை கலியாணப் பேச்சு இல்லை.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. வராந்தாவில் உம்மா, “பெத்தவள வெளியில போட்டுட்டாய் என்ன” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாப்பா நிலத்தையே பார்த்தார். இது வெற்றியா? தெரியாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மசூர்தான் திறப்பைக் கொண்டுவந்தார். சாமான்களை ஏற்றி, வீட்டைக் கழுவி, பழைய வீட்டின் ஓடுகளை ஆளை வைத்து மாற்றியும் போட்டாராம். முற்றத்தில் நின்றபடியே திறப்பை நீட்டினார்.

“பூட்டுக்கு எண்ணெய் விட்டிரிக்கன் புள்ள. கிறீச்சிட்டுக் கிடந்திச்சு.”

நான் இருமக்கூட இல்லை. வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு சாச்சி சொன்னார், அவரும் இரண்டு மகள்மாருக்கு இரண்டு வீடு கட்டிக் கொடுத்தவராம். அந்த இரண்டிலும் இன்று மருமகன்மார். மனிசனுக்குப் படுக்க ஒரு மூலை இல்லை.

இதை முதலே ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

றிசல்ட். ஏழு ஏ, இரண்டு பி. உம்மா கத்திய கத்தலில் பூனை ஓடிவிட்டது. வாப்பா போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று ஒரு பரீட்சை வைத்தேன். வாப்பா வந்ததும் சொன்னேன். “பதினெட்டு ஆனதும் அந்த வீட்ட விக்கப் போறன்.”

வாப்பா அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. பிறகு வெட்டினார். “வித்துப் படி” என்றார். ஒரு துண்டை என்னிடம் நீட்டி, “யன்னல மட்டும் கழட்டிக்கிட்டு வில்லு. வாங்கிறவங்களுக்கு அத வெச்சிரிக்கத் தெரியா” என்றார்.

இது பாஸா ஃபெயிலா?

அக்டோபர் 27, ஞாயிறு

உம்மாவுக்கும் அதே பரீட்சை. உம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. “வித்தா நீ எங்க வருவாய்?” என்று கேட்டார்.

“வாறதுக்கு எங்க போகப் போறன் உம்மா?”

“படிக்கப் போவாய், வேலைக்குப் போவாய். போனா வரோணுமே புள்ள.”

பரீட்சை வைத்தவளுக்கே விடை தெரியாது. இப்படி ஒரு டீச்சரை நான் கண்டதில்லை.

நவம்பர் 27, புதன்

மழை ஓயவில்லை. றோட்டெல்லாம் தண்ணீர், பஸ் இல்லை, கரண்ட் இல்லை. போன் செத்து, இன்று பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில்தான் சார்ஜ் ஏறியது. ஏறியதும் வாப்பாவின் மெசேஜ். நேற்று அனுப்பியிருக்கிறார். “நிந்தவூர் வீட்டுக்குள்ள தண்ணியா?”

அவ்வளவுதான். நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று ஒரு சொல் இல்லை. வீட்டுக்குள்ள தண்ணியா! பாருங்க, இதுக்குத்தான் நான் பூட்டச் சொன்ன. இப்ப தெரிஞ்சிட்டு. நல்லாத் தெரிஞ்சிட்டு. பதில் போடமாட்டன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒரு பிழை விட்டிருக்கிறேன்.

வெள்ளத்துக்கு இரண்டு நாள் முதல், “நிந்தவூர் வீட்டில என்ட குளிர் உடுப்புக் கிடக்கு, போய் எடுக்கப் போறன்” என்று வாப்பாவிடம் சொல்லியிருந்தேன். சொன்னதை நானே மறந்துவிட்டேன், மழையில் போகவும் இல்லை. இன்று உம்மா கறிச்சட்டியோடு வந்து, வேண்டாவெறுப்பாகச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“ஒண்ட வாப்பா அந்தத் தண்ணிக்குள்ளால நடந்து வந்தாராம். முன்வீட்டு ஆக்கள் சொன்னாங்க. இடுப்பளவு தண்ணியில கேற்றப் புடிச்சிக்கிட்டு, ஆகிலா ஆகிலா எண்டு கத்தினாராம். பூட்டிக் கிடக்கு, ஒருத்தருமில்ல எண்டு அவங்க சொல்லியும் கேக்கல்லையாம். மதில் ஏறிக் குதிச்சு யன்னலால பாத்திட்டுத்தான் போனாராம்.”

“நீங்க ஏன் இத எனக்குச் சொல்றீங்க உம்மா?” என்றேன். உம்மாவுக்கு இதனால் நட்டம்தானே.

“மெய்ய மெய்யெண்டு சொல்லோணும்தானே” என்றார் உம்மா. சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். அந்த மெசேஜ் நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துப் போட்டது. “வாப்பா, வீட்டுக்குள்ள தண்ணி வரல்ல” என்றேன். “ஓம் மகள், பாத்தன்” என்றார்.

2025 மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. சாச்சி கஞ்சிக்கு உப்பை மறந்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

நாளை பதினெட்டு. கோடு சொன்ன காலம் முடிகிறது. எங்கேயும் போகலாம், எங்கேயும் இருக்கலாம், கையெழுத்தும் போடலாம். ஹாஜறா மிஸ் கோல் எடுத்து, “இனி ஒங்கட முடிவு” என்றார். எட்டு மாதம் அதற்காகச் சண்டை பிடித்தேன். இப்போது முடிவைக் காணவில்லை.

நாளைக்கு அந்த வீட்டில் நோன்பு திறக்கலாம் என்று நினைக்கிறேன். வாப்பாவையும் உம்மாவையும் ஒரே நாளில் கூப்பிட எனக்குத் துணிவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பாவின் கடை பூட்டு. ஆகவே நாளை வாப்பா, சனி உம்மாவும் மற்றவரும். உம்மாவிடம் போனில், “அவரையும் கூட்டி வாங்க” என்றேன். “எவர?” என்று கேட்டார், வேண்டுமென்றே. “சின்ன வாப்பாவ” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சியும் பிள்ளைகளும் நானும் போனோம். திறப்பை நான் போட்டேன். பூட்டு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. உள்ளே தூசு, பல்லி முட்டை, மூடிக்கிடந்த மணம். கூட்டித் துடைத்து, குசினியில் சாச்சி அடுப்பு மூட்டினார். யன்னல்களைத் திறந்தேன். எல்லாம் இலகுவாக ஓடின.

நோன்பு திறக்கிற மஃரிப் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னர் வாப்பா வந்தார். ஒரு கையில் பள்ளியில் வாங்கிய கஞ்சிக் கேன், மற்றக் கையில் பேரீச்சம்பழம். கேற் திறந்துதான் கிடந்தது. கேற்றைத் தாண்டி வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார்.

“மகள், உள்ளுக்கு வரவா?”

பகிடியாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. மெய்யாகவே கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார். ஒவ்வொரு கல்லும் அவர் வாங்கிப் போட்டது. அந்த நேரம் பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். மனிதர் அசையவில்லை, பேரீச்சம்பழப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

“வாங்க வாப்பா, பாங்கு சொல்லுது. வாங்க!” என்று கத்தினேன். கத்த வேண்டிய அவசியமில்லை.

வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. தொழுதார். தொழுதுவிட்டுத் தொப்பியை மடித்து சட்டைப் பையில் வைத்தார், புறப்படுகிறவர் மாதிரி.

“இரிங்க வாப்பா” என்றேன்.

“எவ்வளவு நேரம் இரிக்கலாம் மகள்?”

அவருடைய கோப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன். உட்கார்ந்தார். இந்த முறை கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

நாளைக்கு உம்மாவும் சின்ன வாப்பாவும் வருகிறார்கள். வீட்டில் சீனி இல்லை, வாங்க வேண்டும்.